சிறு நாளிதழ் விளையாட்டுப் பக்கம்: வேலைக்கு ஆள் எடுக்கும்போது எதைப் பார்க்கிறார்கள்?

#1 அரச்சலூரான்

வணக்கமுங்க. கோவை, ஈரோடு, சேலம், கரூர் வட்டாரத்துல ரெண்டு மூணு மாவட்டத்துக்கு மட்டும் வர்ற நாளிதழ்கள், பெரிய நாளிதழ்களோட மாவட்டப் பதிப்புகள், இதுகள்ல விளையாட்டுப் பக்கத்துக்கு எப்படி ஆள் எடுக்கறாங்கன்னு ஒரே இடத்துல தகவல் கிடைக்கமாட்டேங்குது. விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க. வேலை நேரம் எப்படி? தேர்வுல என்ன கொடுப்பாங்க? இதழியல் பட்டம் கட்டாயமா? கேமரா சொந்தமா இருக்கணுமா? சம்பளம் பேசறப்போ எதையெல்லாம் கேட்டு வாங்கணும்?

#2 நொய்யல் டெஸ்க்

முதல்ல ஒண்ணைத் தெளிவுபடுத்திக்கலாம் தம்பி. "விளையாட்டுப் பிரிவு"ன்னு பேர் இருந்தாலும் சின்னப் பத்திரிகையில அது ஒரு ஆள், மிஞ்சினா ரெண்டு ஆள். நிருபரும் அவரே, மொழிபெயர்க்கறவரும் அவரே, சில இடங்கள்ல பக்கம் கட்டறவரும் அவரே. அதனால ஆள் எடுக்கறவர் மனசுல ஓடற கேள்வி "இவருக்குக் கிரிக்கெட் எவ்வளவு தெரியும்"ங்கறது இல்லைங்க. "ராத்திரி ஒன்பதரை மணிக்கு இவரை நம்பிப் பக்கத்தை விடலாமா"ங்கறதுதான்.

வேலை நாள் ஏறக்குறைய இப்படி ஓடும். மாலை நாலு மணிக்கு விளம்பரப் பிரிவுல இருந்து பக்கத்தோட டம்மி, அதாவது எங்கே விளம்பரம், எங்கே செய்தின்னு காட்டற வரைபடம் வரும். விளையாட்டுக்கு அரைப் பக்கம்னு சொல்லியிருப்பாங்க. அதுல பாதியை நகைக்கடை விளம்பரம் எடுத்துட்டா மிச்சம் உள்ளதுதான் உங்க இடம். அதைப் பார்த்துட்டு செய்தி நிறுவனங்கள்ல இருந்து வர்ற ஏஜென்சி செய்திகள்ல எது லீடு (முதன்மைச் செய்தி), எது ஃபில்லர் (இடம் நிரப்பற துணுக்கு)னு பிரிக்கணும். அஞ்சு மணியில இருந்து ஏழு வரைக்கும் பகுதிநேர நிருபர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், சங்கச் செயலாளர்கள் அனுப்பற முடிவுகள் வாட்ஸ்அப்புல வந்து குவியும். அதுல பாதி கையெழுத்துத் தாளைப் படம் எடுத்து அனுப்பினதா இருக்கும். வெளியூர்ப் பதிப்புக்கான பக்கம் பெரும்பாலும் ஒன்பதரை, பத்து மணிக்குள்ள போயாகணும். தாராபுரம், வெள்ளகோவில், சத்தியமங்கலம் பக்கம் போற வேன் கிளம்பற நேரத்தை யாராலும் தள்ளிப்போட முடியாது. நகரப் பதிப்புக்கு மட்டும் நள்ளிரவு வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

இந்த ரெண்டு பதிப்பு விஷயத்துலதான் புது ஆள் தடுமாறுவாங்க. ஐ.பி.எல். ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கினா முதல் இன்னிங்ஸ் முடிய ஒன்பதேகால் ஆகும், முடிவு தெரிய பதினொண்ணு தாண்டும். வெளியூர்ப் பதிப்புல முடிவு வராது. அதுக்கு முதல் இன்னிங்ஸ் வரைக்கும் ஒரு செய்தி எழுதி, "இரவு 9.30 மணி நிலவரம்"னு தெளிவாப் போடணும். நகரப் பதிப்புக்கான செய்தி அதே காலம் (பக்கத்தை நெடுக்காப் பிரிக்கிற பட்டை), அதே உயரத்துல உட்காரணும். அப்பத்தான் பக்கம் கட்டறவர் அந்த ஒரு கட்டத்தை மட்டும் மாத்திட்டுப் பக்கத்தை விடுவார். உயரம் மாறினா கீழே இருக்கிற பள்ளிச் செய்தி வெட்டுப்படும். ஆட்டம் 15ஆவது ஓவர்ல இருக்கும்போதே ரெண்டு அணிக்கும் தனித்தனியா தலைப்பும் முதல் பத்தியும் எழுதி வச்சுக்கறது இந்த வேலையோட அடிப்படைப் பழக்கம். ஆட்டம் முடிஞ்சதும் எண்களை நிரப்பினாப் போதும்.

அடுத்தது கணக்கு. பேட்டர்கள் எடுத்த ரன் எல்லாம் கூட்டி, உதிரியைச் சேர்த்தா மொத்தம் வரணும். பவுலர்கள் கொடுத்த ரன்னைக் கூட்டினா மொத்தம் வராது. பை, லெக் பை ரெண்டும் பவுலர் கணக்குல ஏறாது. அதைச் சேர்த்தாத்தான் சரியாகும். வைடும் நோ-பாலும் பவுலர் கணக்குலயே இருக்கும். இந்த ரெண்டு கூட்டலையும் போட்டுப் பார்க்காம ஸ்கோர்கார்டைப் பக்கத்துல ஏத்தக்கூடாது.

நெட் ரன்ரேட்டுல, அதாவது ஓவருக்கு எடுத்த ரன்னுல இருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழிக்கற கணக்குல, விழற தப்பு தனி ரகம். ஒரு 20 ஓவர் ஆட்டத்துல முதல் அணி 160 ரன். ரெண்டாவது அணி 18.4 ஓவர்ல 161 எடுத்து ஜெயிக்குது. 18.4ங்கறது 18 ஓவரும் 4 பந்தும். அதாவது 18.667 ஓவர். 161ஐ அதால வகுத்தா 8.625. எதிரணியோட 8.000ஐக் கழிச்சா +0.625. கால்குலேட்டர்ல அப்படியே 18.4னு அடிச்சீங்கன்னா 8.75 வந்து +0.750 ஆயிடும். மாவட்ட லீக்குல அடுத்த சுற்றுக்குப் போறது யாருன்னு தீர்மானிக்கற இடத்துல இது பெரிய வித்தியாசம். அணி எல்லா விக்கெட்டையும் இழந்துட்டா எத்தனை ஓவர்ல சுருண்டாலும் முழு 20 ஓவராவே எடுக்கணும், அதையும் மறக்கக்கூடாது.

#3 சென்னிமலை

மேலே சொன்னதோட மத்த விளையாட்டுக்கும் சேர்த்துக்கலாம். கபடி ஸ்கோர் தாள்ல ஆல்-அவுட் புள்ளி எப்பவும் இரட்டைப்படையில்தான் இருக்கும். எதிரணி முழுசையும் வெளியேத்தற ஒரு ஆல்-அவுட்டுக்கு 2 புள்ளி. அங்கே 3ன்னு இருந்தா எழுதினவர் எங்கேயோ மாத்திப் போட்டிருக்கார். வாலிபால்ல 25-24ன்னு ஒரு செட் முடியவே முடியாது. ரெண்டு புள்ளி வித்தியாசம் வேணும். ஐந்தாவது செட் 15க்குத்தான். கால்பந்துல டைபிரேக்கர் கோலை ஆட்டக் கோலோட கூட்டி "5-4 என்ற கோல் கணக்கில் வென்றது"ன்னு எழுதிடுவாங்க. 1-1 சமன், டைபிரேக்கர்ல 4-3ன்னு பிரிச்சு எழுதறதுதான் சரி. கூடைப்பந்துல நாலு கால்பகுதிப் புள்ளியும் கூட்டினா இறுதிப் புள்ளி வருதான்னு பார்க்க பத்து விநாடி கூட ஆகாது.

#4 கருங்கல்பாளையம்

தேர்வைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒழுங்காக நடத்தப்படும் தேர்வு ஒன்றரை மணி நேரம் இருக்கும். நான்கு பகுதிகள்.

முதலாவது, குறுமையப் போட்டி (அருகருகே உள்ள பள்ளிகளுக்கு இடையே நடக்கும் முதல் கட்டப் போட்டி) முடிவுத் தாள் ஒன்றைக் கொடுத்து 100 சொற்களில் செய்தியாக்கச் சொல்வார்கள். தாளில் வேண்டுமென்றே பிழைகள் இருக்கும். 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் மூன்று பெயர்கள்தான் இருக்கும். 14 வயதுக்கு உட்பட்ட பிரிவில் பிளஸ் 2 மாணவர் பெயர் இருக்கும். 100 மீட்டரை 10.2 விநாடியில் ஒரு பள்ளி மாணவர் ஓடியதாக எழுதியிருக்கும். 2025 ஜூலையில் அனிமேஷ் குஜூர் ஓடி இந்தியச் சாதனையாக்கிய நேரமே 10.18தான் என்று தெரிந்தவர் அங்கே நின்றுவிடுவார். இந்தப் பிழைகளைத் தாமாகத் திருத்தி எழுதுபவர் தோற்கிறார். வட்டமிட்டு "பள்ளியில் கேட்டு உறுதி செய்ய வேண்டும்" என்று ஓரத்தில் குறிப்பவரே தேர்வாகிறார். இந்த வேறுபாட்டைத்தான் தேர்வு வைப்பவர் தேடுகிறார்.

இரண்டாவது, ஆங்கில ஏஜென்சி செய்தி 400 சொற்கள். 150 சொற்களில் தமிழில் வேண்டும், 25 நிமிடம். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் நேரமும் போதாது, நடையும் நிற்காது. ஒருமுறை முழுவதும் படித்து, தாளை மூடிவிட்டு, யார் வென்றார், எவ்வளவில், திருப்பம் எங்கே, அடுத்து என்ன என்று நான்கு வாக்கியம் எழுதி, பிறகு எண்களை மட்டும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, தலைப்பு. மூன்று காலத்துக்கு ஒரு வரி, ஒற்றைக் காலத்துக்கு மூன்று வரி. ஒற்றைக் காலத்தில் ஒரு வரிக்கு இரண்டு சொல் நிற்பதே பாடு. "மாவட்ட அளவிலான மகளிர் கூடைப்பந்தாட்டப் போட்டி" என்று தொடங்கினால் கதை முடிந்தது. பள்ளிப் பெயரைச் சுருக்கமாகவும் அடையாளம் தெரியும்படியும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, தொலைபேசி. அலுவலகத்தில் ஒருவர் பயிற்சியாளராக நடிப்பார், நீங்கள் அழைத்து விவரம் வாங்க வேண்டும். பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்கிறீர்களா, இன்ஷியல் கேட்கிறீர்களா, ஊர் எந்த வட்டம் என்று கேட்கிறீர்களா என்பதே மதிப்பெண்.

இங்கே ஒரு கருத்தையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு ஆர்வலரை எடுத்து எழுதக் கற்றுக்கொடுப்பதைவிட, பொது டெஸ்க்கில் (செய்திகளைத் திருத்திப் பக்கத்துக்குத் தயார் செய்யும் பிரிவில்) இரண்டு ஆண்டு இருந்தவரை எடுத்து விளையாட்டைக் கற்றுக்கொடுப்பது எளிது. விதிகளை ஒரு மாதத்தில் படித்துவிடலாம். சரிபார்க்கும் பழக்கம் அவ்வளவு விரைவில் வராது.

#5 உடுமலை ரேக்ளா

கருங்கல்பாளையம் அண்ணா சொன்ன கடைசிப் பத்தியோட எனக்கு உடன்பாடு இல்லீங்க.

விதியை ஒரு மாசத்துல படிச்சுக்கலாம், சரி. மைதானத்துல ஆட்களைத் தெரிஞ்சு வச்சிருக்கறதை எங்கே போய்ப் படிக்கறது? கொங்குப் பக்கத்து விளையாட்டுப் பக்கத்தை வாங்கிப் படிக்கறவங்க ஐ.பி.எல். முடிவுக்காக வாங்கறதில்லை, அதை ராத்திரியே போன்ல பார்த்துடறாங்க. தன் பையன் பேரு, தன் ஊர் அணி பேரு, அதுக்காகத்தான் வாங்கறாங்க. சனிக்கிழமை ராத்திரி கோயில் திடல்ல விடிய விடிய நடக்கற கபடியில அரையிறுதிக்கு எந்த நாலு அணி வந்துதுன்னு தெரிய, அந்த அமைப்பாளர் உங்க போனை எடுக்கணும். டெஸ்க்குல உட்கார்ந்த ஆளோட போனை அவர் எடுக்கமாட்டார்.

ரேக்ளாங்கற மாட்டு வண்டிப் பந்தயத்தையே எடுத்துக்கங்க. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர்னு பிரிச்சு ஓட்டறாங்க, குறைஞ்ச நேரத்துக்குத்தான் பரிசு. புதுசா வர்றவர் "முந்திச் சென்று வென்றது"ன்னு எழுதிடுவார். நேரத்தை விநாடியோட நூறுல ஒரு பங்கு வரைக்கும் போட்டு, தூரப் பிரிவு, காளைக்காரர் பேரு, ஊரு இதெல்லாம் இருந்தாத்தான் அது முடிவு. ஒரே ஊர்ப் பேரு ரெண்டு வட்டத்துல இருக்கும், வட்டத்தையும் சேர்த்து எழுதோணும். இதைச் செய்தி ஆசிரியர் மாவட்டப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார். விளையாட்டுப் பக்கத்துக்குக் கேட்டு வாங்கற ஆள் வேணும்.

#6 கருங்கல்பாளையம்

உடுமலையாருக்கு: மைதானத் தொடர்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொடர்புகளை ஒரு குறிப்பேட்டில் ஏற்றி அலுவலகத்தில் வைத்தால் யார் வந்தாலும் பயன்படும். ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் தொடர்பு அவர் வேலையை விட்டுப் போகும்போது அவரோடு போய்விடுகிறது. சின்னப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் ஆறு மாதம் தரமிழந்து கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அந்தக் குறிப்பேட்டில் குறைந்தது இவை இருக்க வேண்டும்: ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், கல்வித் துறையின் உடற்கல்வி ஆய்வாளர், குறுமையங்களை நடத்தும் பள்ளிகள், ஒவ்வொரு விளையாட்டுக்கும் மாவட்டச் சங்கச் செயலாளர், பாரதியார், பெரியார் பல்கலைக்கழக உடற்கல்வி இயக்குநர் அலுவலகங்கள். சில விளையாட்டுகளுக்கு ஒரே மாவட்டத்தில் இரண்டு சங்கங்கள் இயங்கும். எது மாநிலச் சங்கத்தோடு இணைந்தது என்று எழுதி வைக்காவிட்டால் ஒரே வாரத்தில் இரண்டு "மாவட்டச் சாம்பியன்" செய்தி வரும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிற நாளில், எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும் என்பது பெற்றோருக்கு உயிர்ப் பிரச்சினை. பத்திரிகை அதில் குழப்பம் செய்யக்கூடாது.

#7 பேரூர் தென்றல்

வேலைக்கு வர்றவங்க சீசன் அட்டவணையைத் தலைகீழாத் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு சேர்த்துக்கிறேன். மே மாசம் கோவையில நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைக் கூடைப்பந்து, கரூர்ல எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பைக் கூடைப்பந்து, அதையொட்டி டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட். பள்ளி திறந்ததும் குறுமையம், அடுத்து வருவாய் மாவட்டம். தடகளம்னா குடியரசு தினப் போட்டி, குழு விளையாட்டுன்னா பாரதியார் தினப் போட்டின்னு தலைப்பு வரும், வயசு 14, 17, 19. நடுவுல முதலமைச்சர் கோப்பை. டிசம்பர்ல கோவை மாரத்தான். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில பந்தயம் நடக்கற வாரக் கடைசி தனி வேலை. அங்கே முதல்ல வர்றது தற்காலிக முடிவுதான். நடுவர்கள் அபராத விநாடி சேர்த்தா மூணாவது வந்தவர் ஆறாவது ஆகலாம். கையெழுத்தான இறுதித் தாள் வராம "வென்றார்"னு எழுதக் கூடாது, "முதலில் வந்தார்"னு எழுதிட்டுக் காத்திருக்கணும்.

பெண்களை இந்த வேலைக்கு எடுக்கறதுக்குத் தயங்கறாங்க, காரணம் ராத்திரி நேரம்னு சொல்றாங்க. வீடு வரைக்கும் வண்டி ஏற்பாடு பண்ணினா அந்தக் காரணம் இல்லாமப் போயிடும். அதை நேர்முகத்துலயே நேரடியாக் கேளுங்க தங்கச்சிகளா. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ இருக்கற அலுவலகம்னா, பணியிடத்துல பாலியல் தொல்லையைத் தடுக்கற 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்கணும், யார் யார் உறுப்பினர்னு கேக்கறது உங்க உரிமை. சின்ன அலுவலகத்துக்கு மாவட்ட ஆட்சியர் அமைக்கிற உள்ளூர்க் குழு இருக்கு.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். இந்தப் பக்கத்துல வர்ற பேர்கள்ல பாதி சிறுவர் சிறுமியர். பயிற்சியாளர் மேல பாலியல் புகார் வந்தா அது விளையாட்டு நிருபர் கைக்குத்தான் முதல்ல வரும். பாலியல் குற்றங்கள்ல இருந்து குழந்தைகளைக் காக்கற போக்சோ சட்டம் 23ஆவது பிரிவுப்படி குழந்தையோட பேரு, படம், பள்ளி, வீடு, குடும்பம் எதுவும் வெளியே தெரியக்கூடாது. "மாவட்ட அளவில் தங்கம் வென்ற 15 வயது கோகோ வீராங்கனை"ன்னு எழுதினா பேர் போடாமலே ஊருக்கே தெரிஞ்சுடும். போன மாசப் பக்கத்துல அதே குழந்தையோட படம் நம்மகிட்டயே வந்திருக்கும். இந்தச் செய்தியில விளையாட்டுப் பேரையும் பதக்கத்தையும் எடுத்துடணும். தேர்வுல இதைக் கேக்கற ஆசிரியர் நல்ல ஆசிரியர்.

#8 பவானி கூடுதுறை

படம் பத்தி யாரும் எழுதலை, நான் எழுதறேன். சொந்தக் கேமரா இருந்தா நல்லதுங்க, கட்டாயம் இல்லை. பெரும்பாலான இடத்துல நல்ல போனே போதும், ஆனா என்ன முடியும் என்ன முடியாதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

எட்டு காலப் பக்கத்துல ஒரு காலம் சுமார் 4 செ.மீ. நாலு காலப் படம் 16 செ.மீ. செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 200 புள்ளி இருந்தாப் போதும், அப்படின்னா 1,260 புள்ளி அகலம் வேணும். வாட்ஸ்அப்புல சாதாரணமா அனுப்பற படம் சுருங்கி வரும். முழுசாப் போட்டா ஒப்பேறும், அதுல ஒரு வீரரை மட்டும் வெட்டி எடுத்தா அச்சுல மாவு மாதிரி ஆயிடும். பகுதிநேர நிருபர்கள்கிட்ட "டாக்குமென்டா அனுப்புங்க"ன்னு சொல்லிப் பழக்கணும்.

ராத்திரி கபடிக்கு எல்.இ.டி. விளக்கு கட்டியிருப்பாங்க. விலை குறைஞ்ச விளக்கு மின்சாரத்தோட சேர்ந்து விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். ஷட்டரை 1/1000ல வச்சா படத்துல கறுப்புப் பட்டை விழும், இல்லாட்டி ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்துல வரும். 1/100ல வச்சா பட்டை போயிடும், ஆனா ஓடற ஆள் கலங்கிடுவார். கேமராவுல இந்த மினுக்கலைச் சமாளிக்கிற ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி இருந்தா போட்டுக்கங்க. இல்லாட்டி ரெய்டர் கோட்டைத் தொட்டு நிதானிக்கிற அந்தக் கணத்தை 1/100ல எடுங்க, அதுல முகமும் தெரியும். நிக்க வேண்டிய இடம் தடுப்பு அணியோட எல்லைக்கோட்டுக்குப் பின்னால ஒரு மூலை. ரெய்டர் உங்களைப் பார்த்து வருவார். ஃப்ளாஷ் போடவே கூடாது, ஆடறவங்க கண் கூசி அடிபட வாய்ப்பிருக்கு.

குழுப் படம்னா இடமிருந்து வலமாப் பேரை அங்கேயே வாங்கணும். அலுவலகம் வந்து போன் பண்ணிக் கேக்கலாம்னு விட்டா அந்த ஆசிரியர் எடுக்கமாட்டார். வெளிநாட்டு வீரர் படத்தை இணையத்துல இருந்து எடுத்துப் போடறது வேணவே வேணாம். ஏஜென்சிச் சந்தாவுல வர்ற படம், இல்லாட்டி படமே இல்லாம விடறதுதான் ஒழுங்கு.

#9 அரச்சலூரான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பட்டம், தட்டச்சு, சம்பளம் மூணும் பாக்கி இருக்கு. பகுதிநேரத்துல சேர்ந்தா பின்னால முழுநேரம் ஆக்குவாங்களா?

#10 சங்ககிரி சட்டப்புள்ளி

சம்பளமும் பணி ஆணையும் குறித்து.

பணி ஆணையில் பதவிப் பெயர் "நிருபர்" அல்லது "உதவி ஆசிரியர்" என்று இருக்க வேண்டும். "நிர்வாகி", "ஒருங்கிணைப்பாளர்" என்று போட்டுக் கொடுத்தால் பின்னாளில் உழைக்கும் பத்திரிகையாளர் என்ற பாதுகாப்பைக் கேட்கும்போது வாதம் வரும். பத்திரிகைப் பணியே முதன்மைத் தொழிலாக இருப்பது இந்த வரையறையின் மையம். வேறு வேலையோடு செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர் பெரும்பாலும் இதற்குள் வருவதில்லை. நாள் முழுக்க வேலை வாங்கிக்கொண்டு தாளில் மட்டும் "பகுதிநேரம்" என்று எழுதுவது தனி விஷயம். அதை எதிர்த்துக் கேட்கலாம்.

பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுப் பரிந்துரை 2011 நவம்பர் 11 அன்று அறிவிக்கையானது. உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரி 7இல் அதை உறுதி செய்தது. ஒப்பந்த ஊழியருக்கும் அது பொருந்தும் என்று 2017 ஜூன் 19 தீர்ப்பு தெளிவாக்கியது. குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு குறைத்துக் கொடுக்கவும் முடியாது. நிறுவனத்தின் மொத்த வருவாயை வைத்து வகுப்பு பிரிக்கப்படுகிறது, ஆகவே சின்னப் பத்திரிகையின் விகிதம் பெரிய பத்திரிகையினுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். அந்த வகுப்பு எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை நேரம்: நான்கு வாரத்துக்கு 144 மணி. 1955 உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தில் இருந்ததும் இதுதான், அதன் இடத்துக்கு வந்துள்ள தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் இருப்பதும் இதுதான். கணக்குப் போட்டால் வாரம் ஆறு நாள், நாளுக்கு ஆறு மணி. காலை ஏழு மணிக்கு மைதானம், மாலை நான்கு முதல் நள்ளிரவு வரை டெஸ்க் என்று ஒரே ஆளிடம் இரண்டையும் கேட்கிறார்கள் என்றால் இந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். போட்டி நாளில் காலை போனால் மாலை வரவு எத்தனை மணி, வார விடுப்பு எந்தக் கிழமை என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் போட்டிகள் அதிகம், அன்று விடுப்பு எதிர்பார்க்க முடியாது.

பெட்ரோல், போன் செலவு, வெளியூர் படி மூன்றும் சம்பளத்துக்குள்ளா வெளியிலா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். மைதானங்கள் தூரம் தூரமாக இருக்கும் மாவட்டத்தில் பெட்ரோல் சம்பளத்துக்குள் என்றால் கையில் நிற்பது மிகவும் குறைந்துவிடும். பகுதிநேரம் என்றால் செய்திக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு, வெளிவந்தால் மட்டுமா அனுப்பினாலே உண்டா, எந்தத் தேதியில் பணம் வரும் என்று கேளுங்கள்.

விளம்பர இலக்கும் சந்தா இலக்கும் உண்டா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். பயிற்சி அகாடமியிடம் விளம்பரம் வாங்கிய கையால் அந்த அகாடமியைப் பற்றி எழுத முடியாது. போட்டி அமைப்பாளர் செய்திக் குறிப்போடு நீட்டும் கவரும் அப்படித்தான். வாங்கினால் அடுத்த முறை தரமற்ற மைதானத்தைப் பற்றி எழுத வாய் வராது.

#11 நொய்யல் டெஸ்க்

பட்டம், தட்டச்சு, பகுதிநேரம் மூணுக்கும் நான் சொல்லிடறேன்.

இதழியல் பட்டம் இருந்தா முதல் வடிகட்டல்ல நிக்கலாம், அவ்வளவுதான். தமிழ் இலக்கியம், உடற்கல்வி, வணிகவியல் படிச்சவங்களும் இந்தப் பக்கத்துல இருக்காங்க. பட்டத்தைவிட, தப்பில்லாம ஒற்று போட்டு எழுதறதும், ஆங்கில ஏஜென்சிச் செய்தியைப் படிச்சுப் புரிஞ்சுக்கறதும் பெருசு.

தட்டச்சுல தமிழ்99 விசைப்பலகை பழகிக்கங்க. போன்ல விரலால எழுதறது பகுதிநேரத்துக்குச் சரி, டெஸ்க்குல அது போதாது. சில அலுவலகத்துல பக்கம் இன்னும் பழைய குறியாக்க எழுத்துருவுல ஓடுது, வர்ற செய்தி யூனிகோடுல இருக்கும். மாத்தி விடறப்போ ஸ்ரீ, க்ஷ, மேற்கோள்குறி, கோடு இதெல்லாம் உடையும். அதனால மாத்தின பிறகு பேர்களை மட்டும் ஒரு தடவை கண்ணால படிக்கணும். ஸ்ரீதர், ஸ்ரீநிதின்னு பாதிப் பள்ளி அணிகள்ல பேர் இருக்கு. பக்கம் கட்டற மென்பொருளான இன்டிசைன்ல யூனிகோடு தமிழ் ஓட்டற இடமா இருந்தா, பத்தி அமைப்புல வேர்ல்டு-ரெடி கம்போசர்ங்கற தேர்வு போட்டிருக்கான்னு பாருங்க. இல்லாட்டி கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும்.

பகுதிநேரத்துல இருந்து முழுநேரம் போறதுதான் உண்மையில இங்கே பெரிய வாசல். விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கறது குறைவு. ஒரு வட்டத்துல இருந்து ஞாயிறு தவறாம, ஏழு மணிக்குள்ள, திருப்பிக் கேக்கத் தேவையில்லாத முடிவு வருதுன்னா டெஸ்க் அந்தப் பேரைக் குறிச்சு வச்சுக்கும். காலியிடம் வர்றப்போ முதல் போன் அவருக்குத்தான் போகும்.

உடுமலையாரும் கருங்கல்பாளையம் அண்ணாவும் பேசினதுல ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்குது. ஆனா ஒரே ஒரு ஆளைத்தான் எடுக்க முடியும்னா நான் சரிபார்க்கற ஆளைத்தான் எடுப்பேன், அதோட மைதானத்துக்கு வாரம் ஒரு நாள் அனுப்பி வைப்பேன். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துல மூணு வடிவத்திலயும் இந்தியாவுக்கு அறிமுகமானப்போ, பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்குல தங்கம் வாங்கினப்போ, ஊர்ப் பத்திரிகைகிட்ட எல்லாரும் எதிர்பார்த்தது பழைய முடிவுகளைத்தான். எந்த வருஷம், எந்தப் போட்டி, எத்தனை விக்கெட், எவ்வளவு உயரம். இதை ஒரு எக்செல் தாள்ல தேதி, போட்டி, பேரு, ஊரு, பள்ளி, முடிவுன்னு தினமும் ஏத்தற ஆளை எந்தப் பத்திரிகையும் விடாது. சேர்ந்த முதல் நாள்ல இருந்து ஆரம்பிங்க.

#12 உடுமலை ரேக்ளா

அந்த எக்செல் யோசனைக்கு முழு ஆதரவுங்க. அதுல ஆள் இன்ஷியலையும் அப்பா பேரையும் தனித்தனிப் பத்தியில ஏத்துங்க. ஒரே பள்ளியில ரெண்டு கார்த்திக் இருப்பாங்க.

#13 அரச்சலூரான்

கடைசியா ஒண்ணு. மாதிரிக்கு என்ன கொண்டு போகணும், யாரைப் பார்க்கணும்?

#14 கருங்கல்பாளையம்

ஐந்து தாள் போதும். ஒரு போட்டி முடிவுச் செய்தி, ஒரு ஆட்ட விவரணை 200 சொற்களில், ஒரு வீரர் அறிமுகம், ஒரு பிரச்சினைச் செய்தி, பெயர் விவரத்தோடு ஒரு படம். பிரச்சினைச் செய்திக்கு ஊர் விளையாட்டரங்கையே எடுக்கலாம். தடம் எங்கே பெயர்ந்திருக்கிறது, விளக்கு எத்தனை எரியவில்லை, பெண்களுக்குக் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று நேரில் எண்ணி எழுதுங்கள். பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையை 2005 தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலோடு போகிற விண்ணப்பதாரர் அரிது. ஒவ்வொரு தாளின் பின்னாலும் யாரிடம் கேட்டு உறுதி செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.

#15 நொய்யல் டெஸ்க்

பார்க்க வேண்டியது செய்தி ஆசிரியரைத் தம்பி. மனிதவளப் பிரிவு இருந்தாலும் முடிவு அவர் கையில. போறதுக்கு முன்னாடி அந்தப் பத்திரிகையோட பத்து நாள் விளையாட்டுப் பக்கத்தை வாங்கிப் படிச்சு, எந்த வட்டத்துச் செய்தி வரவே இல்லைன்னு குறிச்சுட்டுப் போங்க. "இந்த ரெண்டு வட்டத்தை நான் பார்த்துக்கறேன்"னு சொன்னா பேச்சு நேரா வேலைக்கு வந்துடும். காலையில பதினொண்ணுல இருந்து ஒரு மணிக்குள்ள போன் பண்ணி நேரம் வாங்கிக்கங்க. சாயங்காலம் ஆறுக்கு மேல கூப்பிட வேண்டாம், அப்போ பக்கம் ஓடிட்டிருக்கும்.